நீறு: செங்கல் பொடியிலிருந்து காற்றாலை இறகு வரை

எங்கள் தாத்தாவின் வீடு அம்பாசமுத்திரத்துக்குச் சற்றுத் தள்ளி, தாமிரபரணிக் கால்வாய் ஒன்றின் கரையில் இருந்தது. ஊரார் அதைக் காரைவீடு என்பார்கள். 2003ஆம் ஆண்டு கோடையில் அதை இடித்தோம். சொத்து பிரிந்து என் தந்தையாரின் பங்காக வந்த பாதியில் ஒரு கான்கிரீட் வீடு எழுப்புவதென்று முடிவாகியிருந்தது. நான் அப்போதுதான் முதுகலை முடித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்தேன். ஆகவே இடிப்பை மேற்பார்வையிடும் பொறுப்பு என்னிடம் வந்தது.

இரண்டு நாளில் முடியும் என்று பேசியிருந்த வேலை ஒன்பது நாள் இழுத்தது. கடப்பாரை பட்ட இடங்களில் செங்கல் உடைந்ததே தவிர, செங்கற்களுக்கு இடையிலிருந்த காரை பிரியவில்லை. அந்தக் காரை வெறும் வெள்ளையாக இல்லாமல், வெளிறிய ரோஜா நிறத்தில் இருந்தது. வேலைக்கு வந்திருந்தவர்களில் மூத்தவரான கொத்தனார் ஒருவர் அதில் ஒரு துண்டை எடுத்துக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது செங்கப்பொடி போட்டு அரைச்ச காரை. இந்தக் கல்லையெல்லாம் எங்கயும் கொட்டிராதிய. இடிச்சுச் சலிச்சு வச்சா திரும்ப ஆகும்."

நான் கேட்கவில்லை. இரண்டு டிராக்டர்கள் ஏழெட்டு நடை அடித்து அத்தனை இடிபாட்டையும் ஊருக்கு மேற்கே இருந்த ஊருணியில் கொட்டின. அந்த ஊருணி அப்போதே பாதி தூர்ந்துதான் கிடந்தது, நாங்கள் மீதிப் பாதியைத் தூர்த்தோம். அதை அன்று யாரும் தவறென்று நினைக்கவில்லை. நானும்தான். இக்கட்டுரை அந்தக் கொத்தனார் சொன்ன ஒரு வாக்கியத்தின் வரலாற்றைத் தேடிப் போனதன் விளைவு.

*

தமிழில் நீறு என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று சாம்பல், மற்றொன்று சுண்ணாம்புப் பொடி. பல்லவ மன்னனின் ஆணையால் அப்பரை நீற்றறையில் அடைத்த நிகழ்ச்சியைப் பெரியபுராணம் சொல்கிறது. வகுப்பில் அதைப் பாடம் நடத்தும்போதெல்லாம் மாணவர்களில் பாதிப்பேர் அது சாம்பல் நிறைந்த அறை என்றே எண்ணிக்கொள்கிறார்கள். அது சுண்ணாம்பு சுடும் காளவாய் என்று விளக்கிய பிறகுதான் அதன் கொடுமை அவர்களுக்குப் புரிகிறது. சுண்ணாம்பை நீற்றுதல் என்கிறோம், பொருள் வெந்து நீறாயிற்று என்கிறோம். நெருப்பில் போனபின் எஞ்சுகிற வெளிறிய பொடி எதுவாயினும் தமிழுக்கு அது நீறு. கட்டடக்கலையின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, இந்த ஒரே சொல்லில் இரண்டு பொருளும் அடங்கியிருப்பது தற்செயல்தான் என்றாலும் எனக்கு வியப்பாக இருக்கிறது. ஏனெனில் உலகின் நீடித்த சாந்துகள் பலவும் இந்த இரண்டு நீறுகளையும் ஒன்றாகக் குழைத்தவை.

வெறும் சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் இறுகுகிறது. அதற்குப் பல மாதங்கள், தடித்த சுவரென்றால் பல ஆண்டுகள் ஆகும். நீருக்கடியில் அது இறுகுவதே இல்லை. அதோடு பதமாகச் சுட்ட களிமண்ணின் பொடியைச் சேர்த்தால் நிலைமை மாறிவிடுகிறது. சுடும்போது களிமண்ணின் படிக அமைப்பு குலைந்து, அதிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் வினைபுரியும் நிலைக்கு வருகின்றன. அவை நீற்றிய சுண்ணாம்புடனும் நீருடனும் சேர்ந்து, கல் போன்ற புதிய சேர்மங்களை உண்டாக்குகின்றன. இந்தச் சாந்து ஈரத்திலும் இறுகும். ரோஜா நிறக் காரையின் இரகசியம் இதுதான்.

வட இந்தியாவில் இந்தப் பொடிக்குச் சுர்க்கி என்று பெயர், சிவப்பு என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலேயப் பொறியாளர்கள் அச்சொல்லை இந்தியா முழுவதற்கும் பொதுவாக்கினார்கள். சூளையில் உடைந்ததும் கோணலானதும் அரைவேக்காடாய் நின்றதும் சுர்க்கியாயின. அதிகம் வெந்து உருகிப்போன கல் இதற்கு உதவாது. வட்டப் பள்ளத்தில் கல்லுருளையை மாடு இழுத்துச் சுற்ற, சுண்ணாம்பும் செங்கல் பொடியும் மணலும் அரைபடும் காட்சியை எங்கள் பக்கத்து முதியவர்கள் சிலர் இன்றும் நினைவிலிருந்து விவரிக்கக் கேட்டிருக்கிறேன்.

இந்தச் சாந்தின் ஆற்றலுக்கு நம் கண்முன் நிற்கும் பெரிய சாட்சி முல்லைப் பெரியாறு அணை. 1887இல் தொடங்கி 1895இல் முடிந்த அந்த அணையைக் கர்னல் பென்னிகுயிக் கட்டியது சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த சாந்தைக் கொண்டுதான். 1911இல் தொடங்கிய கிருஷ்ணராஜ சாகர் அணையிலும் சுர்க்கிச் சாந்தே பயன்பட்டது. பெரியாறு அணையின் வலிமை குறித்த வழக்கு அனைவரும் அறிந்தது. 1979க்குப் பிறகு அதன் பின்புறம் கான்கிரீட்டால் வலுவூட்டப்பட்டது, எஃகுக் கம்பிகளால் அடிப்பாறையுடன் பிணைக்கப்பட்டது. 2014இல் உச்ச நீதிமன்றம் அணை பாதுகாப்பானது என்று கூறி 142 அடி வரை நீர் தேக்க இசைவளித்தது. முன்னோர் அறிவு என்று மார்தட்டுவோர் இந்த வலுவூட்டலை மறைக்கலாகாது. பழைய சாந்து என்று இகழ்வோர், செங்கல் பொடியால் ஆன உடல் ஒன்று நூறாண்டுகளுக்கும் மேலாகக் காட்டாற்றைத் தாங்கி நிற்பதை மறக்கலாகாது.

*

இது நமக்கு மட்டும் உரிய அறிவும் அன்று. கிறிஸ்துவுக்கு முந்தைய முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், ஆற்று மணலையோ கடல் மணலையோ பயன்படுத்த நேர்ந்தால் இடித்துச் சலித்த ஓட்டுப்பொடியை மூன்றில் ஒரு பங்கு சேர்க்கும்படி தம் நூலில் அறிவுறுத்துகிறார். நேப்பிள்ஸ் வளைகுடாப் பகுதியில் கிடைத்த எரிமலைச் சாம்பல், கடலுக்குள்ளேயே இறுகும் சாந்தைத் தருவதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். 43 மீட்டர் விட்டமுள்ள ரோமின் பாந்தியன் கவிமாடம் இத்தகைய கலவையால் ஆனது. ஆறாம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டிநோபிளில் எழுந்த ஹேகியா சோபியாவின் சாந்திலும் செங்கல் பொடி இருக்கிறது.

அதே ரோம் நகரில் இன்னொரு நினைவுச் சின்னமும் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதிகம் போகாத அந்தக் குன்றின் பெயர் மோன்டே டெஸ்டாச்சியோ. ஏறத்தாழ 35 மீட்டர் உயரமுள்ள அது இயற்கைக் குன்றன்று, முழுக்க முழுக்க உடைந்த தாழிகளால் ஆனது. ஸ்பெயினிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் ஒலிவ எண்ணெய் வந்திறங்கிய கோடிக்கணக்கான தாழிகளை அங்கே அடுக்கடுக்காகக் கொட்டி, நாற்றம் அடங்கச் சுண்ணாம்பு தூவியிருக்கிறார்கள். ஓட்டுப்பொடியின் அருமை தெரிந்த ரோமானியர்கள் இவற்றை ஏன் இடித்துச் சாந்தில் சேர்க்கவில்லை? தாழியின் மண்ணில் எண்ணெய் ஊறிப்போயிருந்தது, எண்ணெய் சுண்ணாம்புடன் சேர்ந்தால் சோப்பாகிவிடும், சாந்து கெடும் என்று ஆய்வாளர்கள் காரணம் கூறுகிறார்கள். மண்ணும் எண்ணெயும் பிரிக்க முடியாதபடி ஒன்றியதால் மண் பயனற்றுப் போயிற்று. கலப்புப் பொருளின் கழிவு என்று இன்று நாம் அஞ்சும் சிக்கலுக்கு இரண்டாயிரம் ஆண்டு வயதாகிறது.

*

1824இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பின்வந்த மேம்பாடுகளில் உருவான இன்றைய சிமெண்டு, சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் ஏறத்தாழ 1450 பாகை செல்சியசில் சுட்டு உருவாக்கும் கிளிங்கரை அரைத்துச் செய்வது. எவருடைய துணையும் இன்றித் தானே விரைந்து இறுகும் என்பது அதன் பெருமை. அந்த விரைவுக்கு நாம் கொடுக்கும் விலை பெரிது. நூறு கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். எரிபொருளின் புகை இதற்கு மேல். ஒரு டன் கிளிங்கருக்கு முக்கால் டன்னுக்கும் அதிகமான கரியமில வாயு வெளியாகிறது. மனிதச் செயல்களால் உலகில் வெளியாகும் கரியமில வாயுவில் 7 முதல் 8 விழுக்காடு சிமெண்டுத் தொழிலிலிருந்து வருவது. பழைய காளவாயும் இதே வாயுவைத்தான் கக்கியது. ஆனால் அதன் வெப்பம் குறைவு, எரித்த அளவு மிகக் குறைவு, கக்கியதில் ஒரு பகுதியைச் சுவர் இறுகும்போது திரும்பப் பெற்றுக்கொண்டது.

கிளிங்கரைக் குறைக்கும் வழி தற்செயலாக இரும்பு உலையிலிருந்து வந்தது. இரும்பை உருக்கும்போது மேலே மிதக்கும் கசடு ஆலைகளின் பக்கத்தில் மலையாகக் குவிந்துகொண்டிருந்தது. 1862இல் ஜெர்மனியின் எமில் லாங்கன், உருகிய கசட்டைத் தண்ணீரில் பாய்ச்சித் திடீரெனக் குளிர்வித்தால் கண்ணாடி போன்ற மணிகளாகிறது, சுண்ணாம்போடு சேர்த்தால் அது சிமெண்டைப் போல இறுகுகிறது என்று கண்டார். மெல்ல ஆறவிட்ட கசடு வெறும் கல். அதே பொருள், குளிரும் வேகம் ஒன்றே வேறுபாடு.

இதை முதலில் எதிர்த்தவர்கள் போர்ட்லண்டு சிமெண்டு உற்பத்தியாளர்களே. கசட்டைச் சேர்ப்பது கலப்படம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் அவர்கள் வாதிட்டார்கள். அந்த வாதம் முற்றிலும் பொய்யும் அன்று, ஏனெனில் கலப்படம் செய்தவர்களும் அன்று இருந்தார்கள். கலவைக்கும் கலப்படத்துக்கும் இடையிலான கோட்டைச் சோதனைச் சாலையும் தரநிலையும்தான் வரைய முடிந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளுக்குள் ஜெர்மானியத் தரநிலைகளே கசட்டுச் சிமெண்டை ஏற்றுக்கொண்டன. நூறாண்டுகளுக்குப் பிறகும் நம் ஊர்ச் சிமெண்டுக் கடையில் அதே வாதம் நடக்கிறது. "சாம்பல் கலந்தது வேண்டாம், ஒரிஜினல் கொடுங்க" என்று கேட்பவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

*

சாம்பலின் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. அனல்மின் நிலையப் புகைபோக்கியில் வடிகட்டிப் பிடிக்கும் நுண்ணிய உலர்சாம்பலைக் கான்கிரீட்டில் சேர்ப்பது குறித்து 1937இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் குழுவினர் ஆய்வு வெளியிட்டனர். 1948 முதல் 1953 வரை மொன்டானா மாநிலத்தில் எழுந்த ஹங்கிரி ஹார்ஸ் அணையில் ஏறத்தாழ 1,20,000 டன் சாம்பல் சேர்க்கப்பட்டது. நோக்கம் சிக்கனம் மட்டுமன்று. சிமெண்டு இறுகும்போது வெளிவிடும் வெப்பம் அணை போன்ற பெருந்திரளான கான்கிரீட்டில் வெடிப்பை உண்டாக்கும். சாம்பல் அந்த வெப்பத்தைத் தணித்தது.

சாம்பல் செய்யும் வேலை செங்கல் பொடி செய்த அதே வேலைதான். சிமெண்டு நீருடன் வினைபுரியும்போது வலுவான சேர்மத்தோடு கால்சியம் ஹைட்ராக்சைடும் உண்டாகிறது. இது நீரில் கரையும், வலுச் சேர்க்காது. சாம்பலிலுள்ள சிலிக்கா இதைப் பிடித்து மேலும் வலுவான சேர்மமாக மாற்றி, நுண்துளைகளை அடைக்கிறது. ஆகவே சாம்பல் சேர்ந்த கான்கிரீட் முதல் வாரத்தில் சற்று மெலிந்தும், மூன்று மாதம் கழித்து வலுத்தும் நிற்கும், உப்புக் காற்றையும் நன்றாகத் தாங்கும். ஆனால் அதற்கு நாட்கணக்கில் தண்ணீர் ஊற்ற வேண்டும். அவசரப்பட்டு முட்டைப் பிரித்துவிட்டுச் சாம்பலைப் பழிப்பதில் பொருளில்லை.

இந்தியாவில் சாம்பலைப் பயன்படுத்திய முன்னோடிப் பெருங்கட்டுமானம் ரிஹந்த் அணை. 1962இல் நிறைவுற்ற அந்த அணையின் கான்கிரீட்டில் சிமெண்டின் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சாம்பல் இடப்பட்டது. பிறகு முப்பது ஆண்டுகள் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. இந்திய நிலக்கரியில் 30 முதல் 45 விழுக்காடு சாம்பல். அனல்மின் நிலையங்கள் பெருகப் பெருக, அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே ஏரி போன்ற குட்டைகளில் விட்டுக்கொண்டிருந்தோம். 1996-97இல் கிட்டத்தட்ட 6.9 கோடி டன் சாம்பல் உண்டாயிற்று, பயன்பட்டது பத்து விழுக்காட்டுக்கும் குறைவு. 1999 செப்டம்பரில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம், அனல்மின் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் செங்கல் செய்வோர் குறைந்தது 25 விழுக்காடு சாம்பல் சேர்க்க வேண்டும் என்று அறிவிக்கை வெளியிட்டது. அந்த வட்டம் பின்னர் படிப்படியாக விரிந்தது. 2021-22இல் உண்டான சாம்பல் 27 கோடி டன், பயன்பட்டது 95 விழுக்காட்டுக்கும் மேல் என்று அரசுக் கணக்கு சொல்கிறது.

கணக்கைப் பார்த்து மகிழ்ந்துவிட முடியவில்லை. பயன்பாடு என்ற தலைப்பின் கீழ் சிமெண்டும் செங்கலும் சாலையும் மட்டுமல்ல, பள்ளமான நிலத்தையும் கைவிட்ட சுரங்கத்தையும் நிரப்புவதும் அடங்கும். நான் ஊருணியில் கொட்டியதும் அந்தக் கணக்குப்படி பள்ளத்தை நிரப்பிய பயன்பாடுதான். பழைய குட்டைகளில் பல பத்தாண்டுகளாகத் தேங்கிய சாம்பலோ இந்த ஆண்டுக் கணக்கில் வராது. எண்ணூர்க் கழிமுகத்து மீனவர்கள் சாம்பல் படிந்த ஆற்றுக்காகப் பல்லாண்டுகள் போராட வேண்டியிருந்தது. எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது ரிஹந்தின் கதை. சாம்பலைக் கலந்து கட்டிய அந்த அணையின் நீர்த்தேக்கத்தைச் சுற்றித்தான் நாட்டின் பெரிய அனல்மின் நிலையங்கள் பல பிற்காலத்தில் எழுந்தன. 2019 அக்டோபரில் அவற்றில் ஒன்றின் சாம்பல் குட்டைக் கரை உடைந்து குழம்பு அந்த நீர்த்தேக்கத்தில் போய்ச் சேர்ந்தது. 2020 ஏப்ரலில் இன்னொன்றின் கரை உடைந்தபோது மனித உயிர்களே போயின. சாம்பலைக் கொண்டு அணை கட்டத் தெரிந்த நாட்டில் சாம்பலுக்கே அணை கட்டி, அது உடைவதைப் பார்த்து நிற்கிறோம்.

*

எங்கள் மாவட்டத்துக்கு இப்போது ஒரு புதிய கழிவு காத்திருக்கிறது. பணகுடியைத் தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய் வரை, முப்பந்தலைச் சுற்றி நிற்கும் காற்றாலைகளைப் பேருந்தில் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். தமிழகத்தில் 1986இல் தூத்துக்குடிக்கு அருகே தொடங்கிய இத்தொழில் தொண்ணூறுகளில் பெருகிற்று. ஒரு காற்றாலையின் ஆயுள் இருபது முதல் இருபத்தைந்து ஆண்டுகள். அக்காலத்துச் சிறிய எந்திரங்களைக் கழற்றிவிட்டுப் பெரியவற்றை நிறுத்துவதற்கான கொள்கையை 2024இல் மாநில அரசு வெளியிட்டது. கோபுரத்தின் எஃகும் கம்பியின் செம்பும் பழைய இரும்புக் கடைக்குப் போகும். இறகு எங்கே போகும்?

இறகு கண்ணாடி இழையை எப்பாக்சி போன்ற பிசினில் தோய்த்து இறுக்கியது. அந்தப் பிசின் ஒருமுறை இறுகினால் மீண்டும் உருகாது. புயல் காற்றில் இருபதாண்டு வளைந்தும் முறியாத அந்த ஒட்டுறவே, அதைப் பிரித்து மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவர முடியாததற்கும் காரணம். எண்ணெய் ஊறிய ரோமானியத் தாழியின் நிலைதான் இதற்கும்.

இதற்கு இன்று ஓரளவு பெரிய அளவில் நடைமுறையிலுள்ள வழி, மறுபடியும் சிமெண்டுச் சூளைதான். ஜெர்மனியில் சுமார் பதினைந்து ஆண்டுகளாக இறகுகளை அறுத்து நறுக்கிச் சூளையில் இடுகிறார்கள். பிசின் எரிந்து நிலக்கரிக்கு மாற்றாகிறது, கண்ணாடி இழையிலுள்ள சிலிக்காவும் கால்சியமும் அலுமினாவும் கிளிங்கரில் கலந்துவிடுகின்றன. சாம்பல் என்று தனியே எதுவும் மிஞ்சுவதில்லை. இழையில் போரான் இருப்பதால் அளவு மிஞ்சினால் சிமெண்டு இறுகுவது தாமதப்படும் என்பது ஒரு கட்டுப்பாடு. இறகை நறுக்கிய இழைகளைக் கான்கிரீட்டில் நேரே சேர்த்து வெடிப்பைத் தடுக்கும் ஆய்வுகளும் நடக்கின்றன. சிமெண்டின் காரம் கண்ணாடியை அரிக்கும் என்பதால் அங்கே சாம்பலோ சுட்ட களிமண்ணோ துணைக்கு வரவேண்டும். அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் 2022இல் பழைய இறகுகளையே உத்திரங்களாக வைத்து ஒரு நடைபாலம் அமைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது இந்த வழிதான், வலுவை எரிக்காமல் வலுவாகவே பயன்படுத்துகிறது.

*

சாம்பலுக்கும் ஒரு முடிவு வரும். நிலக்கரியைக் கைவிடுவதே நோக்கமென்றால் சாம்பலை நம்பிய சிமெண்டு என்னாகும் என்ற கேள்வி எழுகிறது. அதற்கான விடையாகச் சுவிட்சர்லாந்து, கியூபா, இந்திய ஆய்வாளர்கள் உருவாக்கிய சிமெண்டு ஒன்று இருக்கிறது. சென்னை, டெல்லி ஐ.ஐ.டி.க்களுக்கு அதில் பங்குண்டு. கிளிங்கர் ஏறக்குறையப் பாதி, மீதியில் பெரும்பகுதி சுட்ட களிமண், சிறிது சுடாத சுண்ணாம்புக்கல், கொஞ்சம் ஜிப்சம். களிமண்ணை 700 முதல் 850 பாகையில் சுட்டால் போதும், அது வெளிவிடுவது கரியமில வாயுவை அல்ல, நீராவியை. சுரங்கங்களில் தரம் குறைந்ததென்று ஒதுக்கிய களிமண்ணும் இதற்கு உதவும். கரியமில வாயு 30 முதல் 40 விழுக்காடு குறைகிறது. 2023இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இதற்குத் தரநிலை வெளியிட்டது.

பதமாகச் சுட்ட களிமண்ணின் பொடி. எங்கள் கொத்தனார் சொன்ன செங்கப்பொடிக்கு நெருங்கிய உறவுதான் இது. அவருக்கு அளவையும் வெப்பநிலையும் எண்ணில் சொல்லத் தெரியாது, ஆய்வாளர்களுக்குத் தெரியும். அந்த வேறுபாட்டை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் எதை எறியக்கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

2003இல் கட்டிய எங்கள் கான்கிரீட் வீட்டில் இப்போது கம்பி துருப்பிடித்து மேற்கூரை உதிர்கிறது. இருபது ஆண்டுகள் சற்றே கடந்திருக்கின்றன. காரைவீடு தொண்ணூறு ஆண்டுகள் நின்றது. சென்ற ஆண்டு ஊருணியைத் தூர்வாரினார்கள், இளைஞர்கள் முன்னின்று செய்த வேலை. நானும் போயிருந்தேன். பொக்லைன் அள்ளிப்போட்ட சேற்றில் ரோஜா நிறக் கட்டிகள் வந்தன. இருபது ஆண்டுகள் சேற்று நீரில் கிடந்தும் அவை கரைந்திருக்கவில்லை. நம் வீட்டுக் கல்தான் என்று யாரிடமும் சொல்லத் துணிவு வரவில்லை. கொத்தனார் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன.

மேற்கூரையைப் பிரிக்கும் வேலை வரும் தை மாதம் தொடங்குகிறது. இந்த முறை இடிபாட்டுக்கு டிராக்டர் பேசவில்லை. செங்கலையும் கான்கிரீட்டையும் தனித்தனியே பிரித்துக் கொல்லையில் குவிப்பது, உடைத்துச் சலித்து நிரப்புக்கும் தளத்துக்கும் பயன்படுத்துவது என்று மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறேன். கூலி சற்றுக் கூடும் என்றார். கூடட்டும் என்றேன்.